இருபது புள்ளி ஒன்பது

அந்த ஆளுதாங்க அம்மிணி எல்லாத்துக்கும் காரணம். அதோ, கண்ணாடிக் கதவுல ‘மதிய இடைவேளை’ன்னு அட்டையைத் திருப்பி மாட்டிட்டு, உள்ளே டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவனேதான். என் தங்கச்சி புருஷனைப் பத்தொம்பது நாளா ஆஸ்பத்திரிக் கட்டில்ல கட்டையாப் போட்டு வச்சிருக்கிறது அவன்தான். சத்தமாத்தான் சொல்றேன். அவன் காதுல விழணும்னுதான் சொல்றேன். பாருங்க, தலையைத் தூக்குறானா? தூக்க மாட்டான். சோத்துக்குள்ள என்னமோ தொலைச்சுட்ட மாதிரி குனிஞ்சுக்கிட்டே இருக்கான்.

உக்காருங்க, இந்த மாடிப்படியிலேயே உக்காருங்க. ரெண்டரைக்குத்தான் திறப்பான். நேத்தும் இதே படியிலதான் இருந்தேன். நேத்து என்னைப் பார்த்ததும் பின்பக்கமாப் போயிட்டான். இன்னிக்கு வாட்ச்மேன்கிட்ட கேட்டு, பின்பக்கம் வழி இருக்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டு, அங்கே ஒருத்தனை நிக்க வச்சிருக்கேன். எங்கே போவான்?

நீங்க எதுக்கு வந்தீங்க? கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை தொங்குது. நர்ஸா? மெஷினுங்களைப் பாத்துக்கிற வேலையா! பொம்பளைப் புள்ளைங்க இந்த வேலைக்கெல்லாம் வந்தாச்சா, நல்லது நல்லது. வென்டிலேட்டருக்கு சென்சார் மாத்தணுமா? ஆக்சிஜன் சென்சாரா? அடக் கடவுளே. அப்போ நீங்க என் கதையைக் கேட்டுத்தான் ஆகணும். இவன்கிட்ட வாங்காதீங்க. வாங்கினா ஒரு உசுரு போகும். எங்க வீட்டுல பாதி போயாச்சு.

என் பேரு சடையப்பன். ராசிபுரம் பக்கம். அந்தப் பக்கம் சேகோ மில்லுல போய்ச் சடையப்பன்னு கேளுங்க, ‘டேங்க் கழுவுற சடையப்பனா?’ன்னு கேப்பாங்க. மரவள்ளிக் கிழங்கை அரைச்சு ஜவ்வரிசி எடுத்துட்டு மிச்சம் வர்ற கழிவுத் தண்ணியை ஒரு பெரிய மூடி போட்ட டேங்க்ல விட்டு, அதுல இருந்து கேஸ் எடுப்பாங்க. வருஷத்துக்கு ஒருதரம், அரவை இல்லாத மாசத்துல, அந்த டேங்க்கைக் காலி பண்ணி அடியில படிஞ்ச சேத்தை வழிச்சு எடுக்கணும். அதுதான் என் தொழில். அஞ்சாவதோட பள்ளிக்கூடம் நின்னு போச்சு. கிணறு தூர் வாரினேன், சாக்கடை வாரினேன், வாங்காத அடி இல்லை. இன்னிக்கு இருபத்தெட்டு மில்லு என் கையில இருக்கு. எப்படி? வாய்தான். பேரம். நான் பேரம் பேசாம வாங்கின பொருள் ஒண்ணு இந்த உலகத்துல கிடையாது. என் கல்யாணத்துக்கு நாள் குறிச்ச ஐயர்கிட்டயே முகூர்த்தத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளச் சொல்லிப் பேசி முடிச்சவன் நான். மண்டபக்காரன் எட்டு மணிக்குள்ள காலி பண்ணா குறைச்சுக்கிறேன்னான், அதுக்காக.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. சிரிச்சு ரொம்ப நாளாச்சு யாரும்.

வையாபுரி என் தங்கச்சி கோகிலாவோட வீட்டுக்காரர். எனக்கு மாப்பிள்ளை. தொழில்ல பங்காளி. நான் பேசுவேன், அவரு இறங்குவாரு. அப்படித்தான் பதினாலு வருஷம். டேங்க்குக்குள்ள எந்தப் பக்கம் சேறு கெட்டியாயிருக்கும், எங்கே கால் வைக்கணும், எல்லாம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கோவமே வராது. என்னோட ஒருத்தன் பதினாலு வருஷம் கோவமே வராம இருந்தான்னா அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, மில்லுக்காரங்க எல்லாம் கெடுபிடி பண்ண ஆரம்பிச்சாங்க. காத்தை அளக்குற மீட்டர் இல்லாம டேங்க்ல ஆளை இறக்கக் கூடாதுன்னு. அதுக்காக இங்கே கோயமுத்தூர் வந்து, இதே கடையில ஒரு மீட்டர் வாங்கினேன். நாலு வாயு பாக்குற மெஷின் ஒண்ணு எடுத்துக் காட்டினான். எனக்கு எதுக்கு நாலு? மனுசனுக்கு மூச்சு விட ஆக்சிஜன் ஒண்ணு இருந்தாப் போதாதா? ஒண்ணு பாக்குறதையே குடுன்னு வாங்கிட்டுப் போனேன். சின்னதுதான், சோப்பு டப்பா அளவு. நல்ல காத்துல வச்சா இருபது புள்ளி ஒன்பது காட்டும். பத்தொம்பதரைக்குக் கீழே போச்சுன்னா கத்தும். அப்பப்பா, அந்தக் கத்தல்! பல்லு கூசும்.

ரெண்டு வருஷம் பழுதில்லாம ஓடிச்சு. இந்த வருஷம் முதல் மில்லு வேலைக்குப் போறதுக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தா, நம்பர் வரலை. வெறும் கோடுதான் வருது. போன் போட்டேன். ‘உள்ளே இருக்கிற சென்சார் தீர்ந்து போச்சுங்க, அது ரெண்டு வருஷம்தான் வரும், சும்மா வச்சிருந்தாலும் தீரும், கொண்டு வாங்க மாத்திடலாம்’னான். சும்மா வச்சிருந்தாலும் தீருற பொருளை உலகத்துல எவனாவது காசு குடுத்து வாங்குவானா? ஆமாங்க, அது அப்படித்தான்னு நீங்களும் சொல்றீங்க. உங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானா? சரி விடுங்க.

வந்தேன். இதே படி ஏறித்தான் வந்தேன். வாங்கண்ணா, உக்காருங்கண்ணான்னான். டீ வாங்கிக் குடுத்தான். ஒரு வெள்ளிக் கலர் பாக்கெட்டை எடுத்து வச்சு, ‘இது புதுசு, மாத்தி, காத்துல வச்சு சரிபார்த்து, பேப்பரும் குடுத்துடறேன்’னு ஒரு விலை சொன்னான். அவ்வளவுதான், எனக்கு ரத்தம் ஏறிடுச்சு. பட்டாணி அளவு சாமானுக்கு அவ்வளவா? ஒரு மணி நேரம் பேசினேன் அம்மிணி. நாலு தடவை எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் போனேன். மூணு தடவை கூப்பிட்டான். நாலாவது தடவை கூப்பிடலை, நானே திரும்பி வந்தேன். பேப்பர் வேண்டாம்னேன். பேப்பரா ஆக்சிஜன் அளக்கும்? மாத்துற கூலி வேண்டாம்னேன். நாலு ஸ்க்ரூ. எனக்குக் கழட்டத் தெரியாதா? கடைசியில அவன் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு, டிராயரைத் திறந்து ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிச்சான். குடிச்சுட்டு உள்ளே போய் இன்னொரு பாக்கெட் எடுத்துட்டு வந்தான்.

‘இது பழைய ஸ்டாக்குங்க. தேதி பாருங்க, ஒன்றரை வருஷம் ஆச்சு. ஆறு மாசம் வந்தா உங்க அதிர்ஷ்டம். இதை நான் விக்கிறதே இல்லை.’

‘விக்கிறதில்லைன்னா எதுக்கு வச்சிருக்கே? சாமி கும்பிடவா?’ன்னு கேட்டேன்.

‘எடுத்துட்டுப் போங்க சாமி, என்னை விட்டாப் போதும்’னான். அப்புறம் படி இறங்குறப்போ பின்னாலயே வந்து சொன்னான்: ‘மாத்தினதும் பத்து நிமிஷம் நல்ல காத்துல, வெளியில, டேங்க் கிட்ட இல்லாம வச்சிருந்து, அப்புறமா இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிங்க. இருபது புள்ளி ஒன்பதுன்னு வரும். அதுக்கு அப்புறம் தொடாதீங்க.’

சொன்னான். இல்லைன்னு சொல்லலை. நான் பொய் சொல்ற ஆளில்லை. ஆனா எப்படிச் சொன்னான்? படியில நின்னு சொன்னான். முக்கியமான விஷயத்தை ஒருத்தன் படியில நின்னா சொல்லுவான்? உக்கார வச்சுச் சொல்ல வேண்டாமா?

மறுநாள் காலையில மில்லு. அரவை ஆரம்பிக்கப் போறாங்க, கிழங்கு லோடு கேட்டுக்கு வெளியே வரிசையா நிக்குது. ரெண்டு நாள்ல டேங்க்கை முடிச்சுக் குடுக்கணும்னு மேனேஜர் நின்னுக்கிட்டே இருந்தார். எங்க ஆளுங்க மூடியைத் திறந்து வச்சுட்டாங்க. நான் டேங்க் மேலயே, அந்த ஸ்லாப் மேல குத்துக்கால் போட்டு உக்காந்து, ஸ்க்ரூவைக் கழட்டி சென்சாரை மாத்தினேன். கச்சிதமா உக்காந்துச்சு. மீட்டர் மூடியைப் போட்டு ஆன் பண்ணேன். பண்ணதும் கத்த ஆரம்பிச்சுது.

வையாபுரி கயிறைச் சரிபார்த்துக்கிட்டு இருந்தாரு. ‘என்ன மச்சான், பிறந்ததும் அழுவுது?’ன்னாரு.

‘புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்’னு பட்டனை அமுக்கினேன். இருபது புள்ளி ஒன்பது. அடங்கிடுச்சு.

எங்கே வச்சு அமுக்கினேனா? அங்கேதான், ஸ்லாப் மேல. டேங்க் வாயில இருந்து ஒரு முழம் இருக்கும். வெளிதானே அம்மிணி, மேலே வானம் தெரியுது, காக்கா பறக்குது. கூரையா போட்டிருக்கு?

அப்புறம் கயித்துல கட்டி உள்ளே இறக்கினோம். கத்திச்சு. பதினேழு புள்ளி ஒன்பது. மேலே இழுத்தேன். எனக்குக் கோவம் வந்துடுச்சு. பழைய சாமானைத் தலையில கட்டிட்டானே, நம்பரே நிலைக்க மாட்டேங்குதேன்னு. டேங்க் வாய் கிட்ட கையில பிடிச்சபடியே திரும்ப அமுக்கினேன். இருபது புள்ளி ஒன்பது. அடங்கிடுச்சு. திரும்ப உள்ளே இறக்கினேன். இருபது புள்ளி ஒண்ணு. சத்தமே இல்லை. பாத்தீங்களா? முதல்ல ஒண்ணு சொல்லுது, அப்புறம் ஒண்ணு சொல்லுது. ரெண்டு தட்டு தட்டினதும் வழிக்கு வந்துடுச்சு.

நல்ல சாமானா இருந்தா நான் அமுக்கினதும் ஏன் ஒத்துக்குது? சொல்லுங்க. நல்ல சாமான்னா ‘இல்லடா சடையப்பா, இங்கே காத்து இல்லை’ன்னு பிடிச்ச பிடியில நிக்க வேண்டாமா?

என்ன, ஃபேன் போட்டீங்களான்னா கேக்குறீங்க?

காத்து அடிக்கிற ஃபேன் இருந்துச்சு. பெரிய ஃபேன். ரெண்டு மணி நேரம் உள்ளே காத்தைத் தள்ளிட்டு அப்புறம்தான் இறங்குவோம், எப்பவும். அன்னிக்கு அது தார்ப்பாய் போத்தி வண்டியிலேயே இருந்துச்சு. மீட்டர்தான் இருபதுன்னு சொல்லிடுச்சே, மேனேஜர் வேற நிக்கிறாரு, எதுக்கு ரெண்டு மணி நேரம்? வையாபுரி கேட்டாரு, ‘ஃபேன் போடலையா மச்சான்?’னு. மீட்டரைக் காட்டினேன். பார்த்தாரு. ‘சரி’ன்னாரு. அந்த மனுசன் ‘சரி’ன்னு சொல்லாம இருந்த நாளே எனக்கு நினைப்பில்லை.

இறங்குறதுக்கு முன்னால டீ குடிச்சாங்க. அப்போ வையாபுரி கோகிலாவுக்குப் போன் பண்ணியிருக்காரு. எனக்கு அது அப்புறம்தான் தெரியும்.

இறங்கினாரு. மீட்டரை நான் கையோட வச்சுக்கிட்டேன். சேத்துல விழுந்துடும்னு. அவரு கீழே நின்னு ‘வாளியை விடுங்க’ன்னு சொன்னாரு. முதல் வாளி வந்துச்சு. ரெண்டாவது வாளி வந்துச்சு. சேத்தைக் கிளறக் கிளற அடியில அடைஞ்சு கிடந்த வாயு எல்லாம் கிளம்பியிருக்கு. மூணாவது வாளி வரலை. ‘மாப்ள’ன்னேன். ‘மாப்ள, என்ன தூங்குறீங்களா?’ன்னு கேட்டேன். கடவுள் சத்தியமா அப்படித்தான் கேட்டேன்.

கயிறு கட்டியிருந்தோம். இழுத்தோம். வரலை. உள்ளே சேத்தைக் கலக்குற இரும்புக்கை ஒண்ணு இருக்கும், அதுல கயிறு சுத்திக்கிச்சு. நான் இறங்கப் போனேன். ரெண்டு ஆளுங்க என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் கையைக் கடிச்சுட்டேன். விடலை. ஃபேனை இறக்கி, தார்ப்பாயைக் கிழிச்சு, ஒயரை மாட்டி, காத்தை விட்டு, ஒரு ஆளு மூக்குல துணி கட்டிப் பாதி இறங்கி, கயித்தை அறுத்து வேற கயிறு மாட்டி... பதினோரு நிமிஷம்னு மேனேஜர் சொன்னாரு. அவரு கடிகாரம் பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு. வேற என்ன செய்வாரு.

உசுரு இருந்துச்சு. இருக்கு. சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். ‘மூளைக்கு ஆக்சிஜன் போகலை’ன்னாரு டாக்டரு. ‘எந்திரிச்சு உக்காருவாரா சார்?’னேன். ‘பத்து சதவீதம் சொல்லலாம்’னாரு. ‘இருபதுன்னு சொல்லுங்க சார்’னேன். அவரு என்னையே பார்த்தாரு. ‘சரி, பதினஞ்சாவது சொல்லுங்க’ன்னேன். அவரு என் தோள்ல கை வச்சுட்டுப் போயிட்டாரு. கை வச்சா என்னங்க அர்த்தம்? நீங்க ஆஸ்பத்திரிக்காரங்கதானே, சொல்லுங்க. அது கூடுதலா, குறைச்சலா?

போலீஸ் கேஸ் இருக்கு. அது பாட்டுக்கு நடக்கட்டும், உள்ளே வச்சாலும் போறேன். அதுக்காக நான் இங்கே வரலை. கோகிலாவுக்காக வந்தேன்.

அவ என்னை வார்டுக்குள்ள விட மாட்டேங்குறா. வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு இருக்கா. என்னைவிட எட்டு வயசு சின்னவ. நான் தோள்ல தூக்கி வளர்த்தவ. முதல் நாள் கேட்டா, ‘அந்த மெஷினு கத்துச்சாமே?’ன்னு. யாரு சொன்னதுன்னேன். ‘அவருதான். டீ குடிச்சுக்கிட்டே போன் பண்ணாரு. மெஷினு விடாமக் கத்திச்சு, உங்க அண்ணன் அதைச் சமாதானப்படுத்தி அடக்கிட்டாருன்னு சொல்லிச் சிரிச்சாரு’ன்னா.

நான் சொன்னேன், ‘அது கெட்டுப்போன சென்சாரு ஆத்தா, கோயமுத்தூருக்காரன் ஏமாத்திட்டான்’னு.

அவ அழலை. அழுதிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். ‘அப்படியா? அப்போ வித்தவன் இங்கே வந்து என் எதிர்ல நின்னு சொல்லட்டும். அவன் சொல்லிட்டான்னா உன்னை அண்ணான்னு கூப்பிடறேன். அதுவரைக்கும் இந்த வாசப்படி தாண்டாதே’ன்னா. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்னேன். கண்ணாடி வழியாவாவது பாக்கறேன்னேன். கால் மாட்டுல மட்டும் நின்னுட்டு வர்றேன்னேன். எதுக்கும் மசியலை. என் வாய்க்கு மசியாத ஒரே ஆளு என் ரத்தமா இருக்கணுமா?

பத்தொம்பது நாளா அவரு முகத்தை நான் பாக்கலை.

மீட்டரா? இருக்கு, என்கிட்டதான் இருக்கு. போலீஸ்காரங்க கயிறு, ஃபேன் எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. இது என் சட்டைப் பையில இருந்துச்சு. யாரும் கேக்கலை, நானும் குடுக்கலை. குடுத்தா இவன்கிட்ட எதைக் காட்டிக் கேப்பேன்? இந்தாங்க. பாத்து. அந்த ஓரத்துல இருக்கிறதுதான் ஆன் பண்றது.

ஜன்னல் கிட்ட எதுக்குப் போறீங்க? சரி, வாங்க.

எவ்வளவு காட்டுது? இருபத்தாறு புள்ளி ஒண்ணு! பாத்தீங்களா! பாத்தீங்களா அம்மிணி! காத்துல எங்கேயாவது இருபத்தாறு இருக்குமா? கோயமுத்தூர்க் காத்து என்ன தேவலோகக் காத்தா? இதுதான் சாட்சி. டேய், உள்ளே இருக்கிறவனே, வந்து பாருடா, உன் சாமான் லட்சணத்தை! பாக்குறான், பாக்குறான், கையைக் கழுவிக்கிட்டே பாக்குறான். வா, வா.

அமுக்காதீங்க! ஐயோ, அந்தப் பட்டனைத் தொடாதீங்க, அமுக்கினா இருபது புள்ளி ஒன்பதுக்கு வந்துடும். அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு? கொடுங்க இங்கே.

என்ன சொல்றீங்க? சென்சார் நல்லாத்தான் இருக்குதா? எப்படி நல்லா இருக்கும்? இருபத்தாறு காட்டுதே. மெதுவாச் சொல்லுங்க, எனக்குப் படிப்பு கிடையாது.

எந்தக் காத்துல வச்சு அமுக்குறோமோ அதையே அது நல்ல காத்துன்னு எடுத்துக்குமா? சரி. டேங்க் வாயில இருந்தது கெட்ட காத்து. சரி. அதைக் காட்டி, இதுதாண்டா இருபது புள்ளி ஒன்பதுன்னு நான் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். அதனால இப்போ நிஜமான நல்ல காத்தைப் பார்த்ததும் அது அதிகமாச் சொல்லுது. ரெண்டு தடவை அமுக்கினதால ரெண்டு மடங்கு... போன்ல என்ன கணக்குப் போடறீங்க? உள்ளே இருபது புள்ளி ஒண்ணுன்னு காட்டினப்போ நிஜத்துல எவ்வளவு?

பதினாறா.

இல்லை அம்மிணி. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாது. இது பழைய ஸ்டாக்கு. ஒன்றரை வருஷத்துச் சரக்கு. அவனே சொன்னான் விக்கிறதில்லைன்னு. பழைய சரக்கு எப்படி அம்மிணி நிஜத்தைச் சொல்லும்? அப்படின்னா அது முதல்ல கத்தினது... ஆன் பண்ணதுமே கத்துச்சே, அது... அது அப்பவே...

என்னை அப்படிப் பாக்காதீங்க. கோகிலா அப்படித்தான் பாத்தா.

கதவு திறக்குது. எந்திரிங்க, வழி விடுங்க.

வாய்யா. வா. வெளியே வா. கண்ணாடிக்குப் பின்னால நின்னுக்கிட்டு எத்தனை நாளைக்கு? இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது, உன் சாமான் மேல தப்பு இல்லையாம். இருக்கட்டும். உன் சாமான் தங்கமாவே இருக்கட்டும். நான் உன்னைக் கேக்குறேன்: நீ விக்கிறதே இல்லைன்னு சொன்ன பொருளை எனக்கு ஏன் வித்தே? ஒரு மணி நேரம் நான் கத்தினதுக்காகவா? தலைவலிக்காகவா? என்னை மாதிரி ஆளுங்களை நீ பார்த்ததே இல்லையா? ‘முடியாதுடா, நான்தான் மாத்திக் குடுப்பேன், இல்லைன்னா படி இறங்கு’ன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ள உனக்குக் கை இல்லையா? ஒரு ஆளு கூடவா என் வாழ்க்கையில என்னை நிறுத்த மாட்டீங்க? நீ நிறுத்தலை. அந்த மேனேஜர் கையில கடிகாரத்தை வச்சுக்கிட்டு நிறுத்தலை. வையாபுரி ‘சரி’ன்னு சொல்லிட்டு இறங்கிட்டான். எல்லாரும் எனக்கு விட்டுக் குடுத்தே அந்த மனுசனை உள்ளே அனுப்பிட்டீங்களே.

கையெடுத்துக் கும்பிடாதே. கும்பிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குக் கும்பிடு வேண்டாம். பணம் வேண்டாம். போலீஸுக்கு லெட்டர் வேண்டாம். நீ வா. அவ்வளவுதான். இப்பக் கிளம்பினா அஞ்சரைக்குச் சேலம் போயிடலாம். ஆறு மணிக்கு உள்ளே விடுவாங்க, அரை மணி நேரம். மூணாவது மாடி, வலதுபக்கக் கடைசி. வாசல்ல ஒருத்தி நாற்காலியில உக்காந்திருப்பா, பச்சைக் கலர் சேலை, எட்டு நாளா மாத்தலை. அவ முன்னால நில்லு.

என்ன சொல்லணும்னா கேக்குறே? உனக்கு என்ன தெரியுமோ சொல்லு. சரக்கு பழசுன்னு சொல்லு. படியில நின்னுதான் சொன்னேன்னு சொல்லு. இல்லை, இந்த ஆளு நான் சொன்னதைக் கேக்கலைன்னு சொல்லு. இவன்தான் அமுக்கினான்னு சொல்லு. ரெண்டு தடவை அமுக்கினான்னு சொல்லு. என் வாயால அவகிட்ட அது வர மாட்டேங்குதுய்யா. பத்தொம்பது நாளா அந்த வாசல்ல நின்னு வாயைத் திறக்கிறேன், உன் பேருதான் வருது. நீயாவது வந்து அவகிட்டச் சொல்லு. எதையாவது சொல்லு. எல்லாத்துக்கும் அவ அண்ணன்தான் காரணம்னே சொல்லு. வந்து சொல்லு.